முன்னறையில் சத்தமில்லாத ஒரு சேமிப்புப் பெட்டி

எங்கள் வீட்டு முன்னறையில், இணைய மோடத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து, வீட்டுக் கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் தரும் சிறு கணினி அது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தால் மறைந்துவிடும் அளவு. தடிமன் மூன்றரை சென்டிமீட்டர். இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு நேர் எதிரே அப்பாவின் கட்டில். அப்பாவுக்கு 78 வயது. பால்மரம் வெட்டப் போன காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, தூக்கம் ரொம்ப லேசு. விசிறி கொஞ்சம் கரகரத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தோட்டத்தில் சாயங்காலம் என்ஜின் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கு எரியும் என்று வளர்ந்தவர், மின்சாரம் வீணாவதையும் பொறுக்கமாட்டார். அதனால் நான் தேடிய பெட்டிக்கு மூன்று நிபந்தனைகள்: விலை குறைவாக இருக்கவேண்டும், சத்தம் போடக்கூடாது, மின்சாரம் தின்னக்கூடாது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பள்ளிக் கணினி அறை என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் ஊர் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் வரும். 1948 ஜூன் 16 அன்று இங்கே எல்பில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த மூவரின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. அதே காலத்தில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்த நம் ஆட்களின் பெயரும் முகமும் இருப்பது வீட்டு ஆல்பங்களில் மட்டும்தான். நான் பிறந்த தோட்டத்தில் இப்போது லயம் கிடையாது. இடித்துவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்து போய்விட்டன.

அவர்களிடம் ஒவ்வொரு வீடாகப் போய் ஆல்பங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்துவந்தேன். மூன்று ஆண்டில் 1,900 படங்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரே கையடக்க வட்டில் (ஹார்ட் டிஸ்க்) வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. கணினியும் போனது, அதில் செருகியிருந்த வட்டும் போனது. பாதிக்குமேல் மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது. ஆனால் ஒரு பாட்டி அதற்குள் தவறிவிட்டார். அவர் வீட்டைக் காலி செய்தபோது ஆல்பம் குப்பையோடு போய்விட்டது. பெரட்டுக் களத்தில் (விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடம்) மண்ணெண்ணெய் விளக்கோடு ஆட்கள் நிற்கும் படம் அந்த ஆல்பத்தில்தான் இருந்தது. அந்தப் படத்தை இனி என்னால் கொண்டுவர முடியாது. இந்த வழிகாட்டியை அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. பள்ளியில் கழித்துக்கட்டிய பழைய மேசைக் கணினி ஒன்று இலவசமாகக் கிடைத்தது, அதை வைத்து முயன்றேன். சுவர் பிளக்கில் செருகி மின்சாரம் அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை 35 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். அதில் பார்த்தால், எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அந்தக் கணினி 58 வாட் இழுத்தது. ஒரு மாதத்தில் 720 மணி நேரம், ஏறக்குறைய 42 யூனிட். இலவசமாக வந்த பெட்டி மாதாமாதம் காசு கேட்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. சத்தமும் தாளவில்லை, இரண்டாம் இரவே அப்பா அதை அணைத்துவிட்டார்.

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையையும் யோசித்துப் பார்த்தேன். மின்சாரம் மிகக் குறைவு, விசிறி இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் அதில் வட்டை யுஎஸ்பி வழியாகத்தான் இணைக்கவேண்டும். பை 4 பலகையின் எல்லா யுஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது 1.2 ஆம்பியர்தான். இரண்டு சுழலும் வட்டுகள் ஒரே நேரத்தில் எழுந்தால் தடுமாறும். ஒழுங்கான அடாப்டர், கூடு, வட்டுக்குத் தனி மின்சாரம் என்று சேர்க்கச் சேர்க்க விலையும் ஏறிவிடுகிறது. பை ஏற்கெனவே கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகவே புதிதாக வாங்கவேண்டாம்.

நான் கடைசியில் வாங்கியது அலுவலகங்கள் பயன்படுத்திக் கைமாற்றும் சிறு கணினி. லெனோவோ திங்க்சென்டர் எம்710கியூ, ஐ3-7100டி செயலி, 8 ஜிபி நினைவகம், 128 ஜிபி எஸ்எஸ்டியோடு (சுழலும் பாகம் இல்லாத வட்டு) 320 வெள்ளி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவையும் இதே வகை. செயலியின் பெயருக்குப் பின்னால் 'டி' என்ற எழுத்து வந்தால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை. உள்ளே மெல்லிய எஸ்எஸ்டி செருகும் எம்.2 துளை ஒன்று, 2.5 அங்குல வட்டுக்கு இடம் ஒன்று. முதலாவதில் இயங்குதளம், இரண்டாவதில் நம் கோப்புகள். வீட்டுக்கு இது தாராளம்.

வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். அடாப்டர் கூடவே வருகிறதா? தனியாக வாங்கினால் செலவு, கண்ட அடாப்டரையும் செருகக்கூடாது. பயாசுக்கு (கணினி எழும்போதே நுழையக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) கடவுச்சொல் போட்டிருக்கிறதா? பழைய அலுவலகம் போட்டுவிட்டு மறந்திருந்தால் நமக்குத் தலைவலி. 2.5 அங்குல வட்டைப் பிடிக்கும் தகரச் சட்டமும் இணைப்பு நாடாவும் உள்ளே இருக்கின்றனவா? விற்கும்போது அதைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள், எனக்கு வந்த பெட்டியில் இல்லை. கேட்டு வாங்க இரண்டு வாரம் ஆனது. நான்காவது, மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என் பெட்டிக்குள் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. நம் ஊரில் இது சாதாரணம். சூடான இடம் தேடி உள்ளே போய் இரண்டு முனைகளைத் தொட்டால் பல்லியும் போகும், பலகையும் போகும். சுத்தம் செய்து, செயலிமேல் புதிய வெப்பப்பசை தடவி, காற்றோட்டத் துளைகளுக்கு உள்பக்கம் மெல்லிய கொசுவலைத் துண்டு ஒட்டினேன். மாதம் ஒருமுறை அந்த வலையைத் துடைக்கவேண்டும், மறந்தால் சூடு ஏறும்.

இந்தக் கணினிக்கு விசிறி உண்டு. ஆனால் வேலை குறைவாக இருக்கும்போது காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும். பயாசில் வேகத்தைவிட அமைதிக்கு முதலிடம் தரும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டேன். நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டினேன். அப்பாவுக்குத் தொந்தரவாக இருந்தது பெட்டியின் சின்ன விளக்கு. "என்னம்மா, ராத்திரி முழுக்க லைட் எரியுது?" என்றார். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

இப்போது மீட்டரில் 9 வாட் காட்டுகிறது. மாதத்துக்கு 6.5 யூனிட். கணக்குக்காக யூனிட் 50 சென் என்று கொஞ்சம் கூட்டியே வைத்தாலும் மூன்றே கால் வெள்ளி. பழைய மேசைக் கணினி இதே கணக்கில் 21 வெள்ளி. ஆண்டுக்கு 200 வெள்ளிக்கு மேல் வித்தியாசம், அதிலேயே பெட்டியின் விலை இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

அடுத்தது வட்டு. எவ்வளவு இடம் வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2,400க்கு 3,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் ஒரு படம் 26 எம்பி. 1,900 படம் என்றால் 50 ஜிபிகூட ஆகாது. சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்களை 1,200 புள்ளியில் எடுக்கிறேன், அளவு நான்கு மடங்காகும். அப்போதும் 500 ஜிபி போதும். இடத்தைத் தின்பது திருவிழா வீடியோவும் வீட்டார் கைப்பேசிப் படங்களும்தான். அதனால் 2 டிபி எஸ்எஸ்டி வாங்கினேன், 470 வெள்ளி. மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான். உங்களுக்குப் படங்கள் மட்டும் என்றால் 1 டிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1 டிபி வட்டு கணினியில் 931 என்று காட்டினால் பயப்படாதீர்கள். உற்பத்தியாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024ஆல் வகுக்கிறது.

இதே அளவு சுழலும் வட்டு வாங்கினால் விலை குறையும். ஆனால் 2.5 அங்குலத்தில் 2 டிபி சுழலும் வட்டுகள் பெரும்பாலும் தடங்களைக் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதுபவை. ஒருமுறை எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களுக்குப் பரவாயில்லை. அடிக்கடி மாற்றி எழுதினால் நத்தையாகிவிடும். முன்னறையில் அதன் கிர்ரென்ற ஓசையும் வேண்டாம் என்று நான் விட்டுவிட்டேன்.

இணையத்தில் 16 டிபி எஸ்எஸ்டி ஐம்பது அறுபது வெள்ளிக்கு என்று வரும். அது பொய். உள்ளே சின்ன நினைவக அட்டை ஒன்றை ஒட்டி, அளவைப் பெரிதாகக் காட்டும்படி மாற்றியிருப்பார்கள். கோப்புகள் ஏறுவதுபோலவே தெரியும். உண்மையான இடம் நிரம்பியதும் புதியவை காணாமல் போகும், பழையவையும் கெடும். எந்தப் புது வட்டையும் முதலில் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். ஒரு ராத்திரி ஆகும், ஆகட்டும்.

இயங்குதளத்துக்கு ஓபன்மீடியாவால்ட் (openmediavault). இலவசம், டெபியன் லினக்ஸ்மேல் கட்டியது, உலாவியிலிருந்தே எல்லாவற்றையும் செய்யலாம். இன்னொரு கணினியில் அதைத் தரவிறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு ஒரு விரலியில் (பென்டிரைவ்) எழுதுங்கள். திரை, விசைப்பலகை இரண்டும் நிறுவும் நாளில் மட்டும் தேவை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினால்கூடப் போதும். நிறுவும்போது அது தேர்ந்தெடுத்த வட்டை முழுதாக அழித்து எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பு வட்டை அந்த நேரத்தில் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அழவேண்டாம்.

எம்710கியூவில் எஃப்1 அழுத்தினால் பயாஸ், எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். பயாசுக்குள் போனதும் முதல் வேலை, மின்சாரம் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி அமைப்பது. இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் யாராவது பொத்தானை அழுத்தவேண்டும். பிறகு கேபிளை மோடத்தில் செருகி, விரலியிலிருந்து நிறுவுங்கள். நேரவலயம் கோலாலம்பூர், நல்ல கடவுச்சொல், மற்றதெல்லாம் சொல்வதைக் கேட்டுப் போகலாம். முடிந்ததும் திரையில் ஒரு முகவரி எண் தெரியும். அதை எழுதிக்கொண்டு திரையைக் கழற்றிவிடலாம். கோப்பு வட்டை மாட்டி, மறுபடி ஓடவிடுங்கள்.

இனி உங்கள் மடிக்கணினி உலாவியில் அந்த எண்ணைத் தட்டுங்கள். முதல் நுழைவுக்குப் பயனர் பெயர் 'admin', கடவுச்சொல் 'openmediavault', இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன்பின் வரிசை இப்படி: கோப்பு வட்டில் இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையை உருவாக்கி ஏற்றுவது, பகிரும் கோப்புறை அமைப்பது, பயனர்களைச் சேர்ப்பது, எஸ்எம்பி சேவையை (கோப்புறைகளை மற்றக் கணினிகளோடு பகிரும் முறை) தொடங்கி அந்தக் கோப்புறையை அதில் காட்டுவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும், அதில் சரி போட்டால்தான் அமலாகும். வேலை செய்யவில்லை என்று சொன்ன இருவருக்கு நான் போய்ப் பார்த்தேன், இருவருமே அந்தப் பட்டையைக் கவனிக்கவில்லை.

எல்லாருக்கும் எழுதும் உரிமை தரவேண்டாம். என் பெயருக்கு மட்டும் எழுதும் உரிமை. அப்பா தொலைக்காட்சிப் பெட்டியில் விஎல்சி என்ற செயலி வழியாகப் படம் பார்க்கும் பயனருக்குப் படிக்கும் உரிமை மட்டும். எஸ்எம்பி அமைப்பில் குறைந்தபட்சப் பதிப்பு இரண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல், எஸ்எம்பியின் முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. மோடத்தின் அமைப்புக்குள் போய்ப் பெட்டிக்கு எப்போதும் ஒரே எண் தரும்படியும் செய்துவிடுங்கள்.

பெட்டியையும் மோடத்தையும் கேபிளால்தான் இணைக்கவேண்டும். கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிளை 8 வெள்ளிக்கு வாங்கினேன். அதில் வினாடிக்கு 110 எம்பி வரை போகும். வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்கவேண்டும் என்பவர்கள் மோடத்தில் வாசலை (போர்ட்) திறந்துவைக்காதீர்கள், உலகமே வந்து தட்டும். டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டால் நம் கருவிகள் மட்டும் பேசிக்கொள்ளும்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். இவ்வளவு செய்தும், பெட்டிக்குள் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். இரண்டு வட்டுகளை ரெய்டு முறையில் (இரண்டிலும் ஒரே கோப்புகள் ஒரே நேரத்தில் எழுதப்படும்) சேர்த்தால் பாதுகாப்பு என்று பலர் சொல்கிறார்கள். ஒரு வட்டு செத்தால் பெட்டி நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். நான் பட்டது இடியில். அந்தக் காசுக்கு இரண்டாவது வட்டை வேறு வீட்டில் வைப்பேன்.

என் ஏற்பாடு இது. தனி அடாப்டரோடு வரும் பழைய 4 டிபி வட்டு ஒன்று பின்னறை அலமாரியில் இருக்கிறது. ஞாயிறு காலை அதைச் செருகுவேன், ஓபன்மீடியாவால்டின் நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் புதியவற்றை மட்டும் அதில் சேர்க்கும். முடிந்ததும் கழற்றிவிடுவேன். அந்தக் கருவியில் 'அழி' என்ற கட்டத்தை நான் டிக் செய்வதில்லை. டிக் செய்தால் மூலத்தில் தவறி அழிந்த படம் பிரதியிலிருந்தும் மறைந்துவிடும். கொஞ்சம் குப்பை சேரும், சேரட்டும். மூன்றாம் பிரதி ஈப்போவில் தம்பி வீட்டில். ஒரே மாதிரி இரண்டு கையடக்க வட்டுகள் வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் அவன் வரும்போது புதிய பிரதி போகும், பழையது வீட்டுக்குத் திரும்பும். திரும்பி வந்ததிலிருந்து ஏதாவது பத்துப் படங்களைத் திறந்து பார்ப்பேன். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை.

இடிக்கு: கண்ணாடி இழை இணையம் மின்சாரத்தைக் கடத்தாது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியோடு ஒப்பிட்டால் பெரிய நிம்மதி. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வரலாம். மோடமும் பெட்டியும் நான் 190 வெள்ளிக்கு வாங்கிய யுபிஎஸ் (மின்தடையில் பேட்டரியால் ஓட்டும் கருவி) ஒன்றில் இருக்கின்றன, 650 விஏ. என் வீட்டில் 40 நிமிடம் தாங்கியது. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைப் பெட்டியில் செருகி, ஓபன்மீடியாவால்டில் என்யுடி என்ற செருகுநிரலைப் போட்டால் பேட்டரி தீருமுன் பெட்டி தானாக ஒழுங்காக அணையும். வாங்குமுன் மின்தடையில் அலறும் பீப் ஒலியை நிறுத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா முதல் மின்தடையில் பதறி எழுந்துவிட்டார். நேர் தலைக்குமேல் இடித்தால் யுபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனையை வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி வையுங்கள். சுழலும் வட்டில், கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களுக்கு எதிரே பூச்சியம் இருக்கவேண்டும். ஏற ஆரம்பித்தால் மாற்று வட்டு வாங்கும் நேரம்.

பெயர் வைப்பதில் தமிழர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இரண்டு உண்டு. இஎக்ஸ்டி4 ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் தருகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'க' மூன்று பைட், 'கோ' ஆறு. நீளமான தமிழ்ப் பெயர் விண்டோசில் நன்றாக இருந்து, பெட்டிக்கு நகலெடுக்கும்போது மட்டும் மறுக்கும். மொத்தம் 60 குறிக்குள் நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை. இரண்டாவது, 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பெட்டிக்கு இரண்டு வெவ்வேறு பெயர். தேடினால் கிடைக்காது. எல்லாரும் ஒரே விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்வது நல்லது. எங்கள் வீட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பழக்கம்.

கேள்விக்குறி, சாய்கோடு இரண்டையும் விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. அதனால் ஆண்டு தெரியாத படத்துக்கு '1970கள்' என்று போடுகிறேன். ஆண்டு, இடம், வரிசை எண், பெயரில் இவ்வளவுதான். யார் யார் நிற்கிறார்கள் என்பதைத் தோட்டத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் உரைக் கோப்பில் எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி அப்பா தொலைக்காட்சியில் படத்தை ஒவ்வொன்றாக நகர்த்துவார். "இது மேட்டு லயத்து மண்டோர், பக்கத்துல அவரு சம்சாரம், இந்தப் பொண்ணு யாருன்னு உங்க அத்தைய கேளு" என்பார். (மண்டோர் என்றால் தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்.) நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். இதுவரை 640 படங்களுக்குப் பெயர் எழுதியாகிவிட்டது.